செவலைக்கு வந்த வலிப்பு

நாகஜோதி கமுதியிலிருந்து சிக்கல் கிராமத்துக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாசி வெயிலில் எல்லோரும் களத்தில் மிளகாய் வத்தலைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வீட்டு நாய் செவலை ஒருச்சாய்ந்து விழுந்தது. நாலு காலும் விறைத்து, பிறகு உதைத்துக்கொள்ள ஆரம்பித்தது. வாயில் நுரை தள்ளியது.

மாமனார் வீரபத்திரன் வெறி பிடித்துவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். புருஷன் பாண்டித்துரை இரும்புச் சாவியை நாயின் பல்லுக்கு நடுவே திணிக்கக் குனிந்தான். நாகஜோதி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“வாய்ப்பக்கம் கைய கொண்டுபோகாதீங்க, கடிச்சிரும். அதுக்கு நினைவில்ல. இது வெறியில்ல மாமா, வலிப்பு. தானா நிக்கும்.”

பக்கத்தில் கிடந்த கல்லையும் பலகையையும் அவளே தள்ளிப்போட்டாள். சாக்கை மடித்துத் தலைக்கடியில் கொடுத்தாள். யாரும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம் என்றாள். சேலை முந்தானையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு போனில் மணி பார்த்தபடி நின்றாள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால்தான் ஆபத்து என்றாள். இரண்டரை நிமிஷத்தில் உதறல் நின்றது. செவலை எழுந்து தள்ளாடிச் சுவரில் முட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்துக்கு அதற்கு யாரையும் தெரியாது, நன்றாகத் தெளியும்வரை தண்ணீர்கூட வைக்க வேண்டாம் என்றாள்.

மாமியார் சோணையம்மாள் நாயைப் பார்க்கவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். போன மாதமும் இரண்டு தடவை அது காலை உதைத்துக்கொண்டு கிடந்ததாகவும், கனவு காண்கிறது என்று விட்டுவிட்டதாகவும் பாண்டித்துரை சொன்னான். டாக்டர் நாகஜோதியைப் பாராட்டிவிட்டு, தினமும் தவறாமல் கொடுக்கச் சொல்லி மாத்திரை எழுதினார்.

மருந்துக்கடையில் அட்டையை வாங்கிய பாண்டித்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சத்து மாத்திரை என்று சொல்லி அவள் தினமும் போடும் அதே அட்டை.

“எத்தன வருசமா?”

“பன்னண்டு வயசுலேருந்து. மாத்திர போடுறதால அஞ்சு வருசமா ஒரு தடவகூட வரல.”

பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிடலாம் என்று அவள் சொன்னதையும், கல்யாணம் முடியட்டும் என்று அவளைப் பெற்ற அய்யா வாயை அடைத்ததையும் பஸ்ஸில் வரும்போது சொன்னாள். அவன் மடியில் கிடந்த நாயைத் தடவியபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் விஷயம் தெரிந்தும் யாரும் சத்தம் போடவில்லை. நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சோணையம்மாள் மட்டும் ஒரு தடவை சொன்னாள். மறுநாள் காலையில் வீரபத்திரன் மருமகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கமுதியில் விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினார். கிளம்பும்போது பாண்டித்துரை தயிர்ச்சோற்றில் மாத்திரையை வைத்து உருட்டிச் செவலைக்கு ஊட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் பாண்டித்துரை போன் பண்ணினான்.

“செவலைக்குத் திரும்ப வந்துருச்சு. என்ன செய்யணும்?”

அவள் மணி பார்க்கச் சொன்னாள். தலைக்கடியில் துணி வைக்கச் சொன்னாள், பிடிக்காதீங்க என்றாள். அவன் நிமிஷத்தைச் சொல்லச் சொல்ல அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது நிமிஷத்தில் உதறல் நின்றுவிட்டது.

“மாத்திர ஏதும் விட்டுப்போச்சா?”

“நேத்து ஒரு வேள மறந்துட்டேன்.”

“மறக்கக்கூடாது. நீங்களா நிறுத்தவுங் கூடாது. டாக்டர்ட்ட திரும்பக் காட்டுங்க.”

“சரி. வச்சிர்றேன்.”

நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அய்யா எழுந்து ஆவலாக உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளையாம்மா? என்ன சொன்னாரு?”

“நாய் நல்லாருக்காம்” என்றாள் நாகஜோதி.