நடுவீட்டு ரத்தம்

"உக்காருடா. மணையில உக்காந்து கற்பூரத்த ஏத்து."

திருமுருகன் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். அப்பா சுப்பராயலு இறந்து அன்றோடு ஒரு வருஷம். நடுவீட்டில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, வடையும் பாயசமும் படைத்தாகிவிட்டது. மூத்த பிள்ளை கற்பூரம் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

"கைய எடு" என்றான் தேவநாதன். "செத்தவங்களுக்குப் படைக்கிறது பேய்க்குப் படைக்கிறது. நான் தொடமாட்டேன்."

வயிற்று ஆபரேஷனில் பிழைத்து வந்த பிறகு, இரண்டு வருஷமாக அவன் அனந்தபுரத்து ஜெப வீட்டுக்குப் போகிறான். அண்ணன் மாறிய நாளிலிருந்து தம்பி நெற்றியில் முன்பைவிட அகலமாகத் திருநீறு பூச ஆரம்பித்தான். மாரியம்மன் திருவிழாக் கமிட்டியிலும் சேர்ந்துகொண்டான். சொத்தைப் பிரிக்க அம்மா கிருஷ்ணவேணி சம்மதிக்காததால், ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"அப்ப நாங்க கும்புடுறது பேயா?"

"மெய்யான தேவன் ஒருத்தருதான். மத்ததெல்லாம் கல்லு. நான் சொல்லல, வேதம் சொல்லுது."

"சரிடா. உன் சாமி நெசம், என் சாமி பொய். எங்கப்பன் எழுவது வருஷம் அந்தக் கல்லத்தான் கும்புட்டாரு. இப்ப எங்க இருக்காரு அவரு? சொல்லு!"

"டேய், வேணாம்டா. உங்கப்பா சாப்புட வர்ற நேரம்டா" என்று கிருஷ்ணவேணி குறுக்கே வந்தாள்.

தேவநாதன் பேசாமல் இருந்திருக்கலாம். அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தான்.

"நரகத்துல" என்றான்.

திருமுருகன் ஓங்கிக் குத்தினான். தேவநாதன் இலையின்மேல் மல்லாந்து விழுந்தான். சூடான பாயசம் கழுத்தில் கொட்டியது. கத்திக்கொண்டே எழுந்தவன் கையில் குத்துவிளக்கு அகப்பட்டது. அதை அப்படியே தம்பியின் தலையில் இறக்கினான். திருநீற்றின் மேல் ரத்தம் கோடு கோடாக வழிந்தது. திருமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினான். திரும்பி வந்தபோது தேங்காய் வெட்டுகிற கொடுவாள் அவன் கையில் இருந்தது.

"ஐயோ, கொல்றான்! யாராச்சும் வாங்க!"

தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்த வீரம்மாளுக்குக் கிருஷ்ணவேணியின் அந்தக் குரல் கேட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். மாடு, கொட்டகை, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் காடு, களம் என எல்லாம் அவள் கைபட்டவை. பின்வாசல் படியை மட்டும் அவள் தாண்டியதில்லை. அன்று தாண்டினாள். அடுப்பங்கரை வழியாக நடுவீட்டுக்குள் ஓடி, கொடுவாள் தேவநாதன் கழுத்துக்கு இறங்கிய நேரத்தில் வலது கையைக் குறுக்கே நீட்டினாள்.

சுண்டு விரலும் மோதிர விரலும் தரையில் விழுந்தன.

திருமுருகன் கையிலிருந்து கொடுவாள் நழுவியது. கிருஷ்ணவேணி தரையைப் பார்த்தாள். பிறகு வீரம்மாளைப் பார்த்தாள்.

"நீ ஏண்டி நடுவூட்டுக்குள்ள வந்த?" என்று கேட்டாள்.

வீரம்மாள் அண்ணனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, வந்த வழியாகவே வெளியே நடந்தாள். வாசலில் தேவநாதனின் கார் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை. காலனி மாரியப்பன் தன் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான்.

திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவள் மகள் புனிதா, போன் வந்ததும் பஸ் பிடித்து ஓடி வந்தாள்.

"வெரல் எங்கம்மா? சீக்கிரம் ஐஸ்ல வெச்சிக் கொண்டாந்தா ஒட்ட வெக்க முடியுமான்னு பாக்கலாம்" என்றாள் டாக்டரம்மா.

புனிதா திருமுருகனுக்குப் போன் செய்தாள்.

"அம்மா எல்லாத்தையும் சேத்துக் கழுவித் தள்ளிட்டாங்க" என்றான்.

வெறும் தண்ணீரால் அல்ல. முதலில் சாணி கரைத்து, பிறகு மஞ்சள் கரைத்து, மூன்று முறை அந்தத் தரை கழுவப்பட்டது. மகன் திருமுருகனின் ரத்தமும் அங்கேதான் சிந்திக்கிடந்தது. கழுவியது அதற்காக அல்ல. இது பேய்க் காரியம் என்று தேவநாதன் சொல்லவில்லை. மஞ்சள் தண்ணீர்க் குடத்தை அவன்தான் தூக்கிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் வீரம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிருஷ்ணவேணி கேட்ட கேள்வியையும் விடவில்லை. அவர் எழுதிப் படித்துக் காட்டியதும் இடது கைப் பெருவிரலை வைத்தாள்.

எட்டாம் நாள் சகோதரர்கள் இருவரும் ஒரே பைக்கில் காலனிக்கு வந்தார்கள். தேவநாதன் ஓட்டினான். தலையில் கட்டோடு திருமுருகன் பின்னால் உட்கார்ந்திருந்தான். வீரம்மாள் வாசல் கட்டிலில் இருந்தாள். அவர்களைக் கண்டதும் வழக்கமாக எழுந்து நிற்பவள் அன்று எழவில்லை.

"மன்னிக்கிறதுதான் தேவனுக்குப் பிரியம், வீரம்மா" என்றான் தேவநாதன். "நீயும் ஜெபத்துக்கு வந்தவதானே."

போனது உண்மைதான். நாலு மாசம் போனாள். செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி அவளுக்குத் தனியாகப் பாய் போட்டார்கள். அதன் பிறகு போகவில்லை.

"மாரியாத்தா மேல சத்தியமா உன்ன வெட்டணும்னு நான் நெனக்கல" என்றான் திருமுருகன். "தீவனம் வெட்டுற மிஷின்ல மாட்டிக்கிச்சின்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்த மாத்திச் சொல்லிடு. வன்கொடுமை கேசுன்னு போட்டா ஜாமீனுக்கே பேஜாராயிடும். அம்மாவையும் சேத்துடுவாங்க."

மாரியாத்தாள் பெயரைக் கேட்டு தேவநாதன் முகம் சுளிக்கவில்லை. "ஆமா, தம்பி சொல்றதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றான்.

புனிதா உள்ளிருந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றான் திருமுருகன்.

"இப்பத்தான்" என்றான் தேவநாதன்.

புனிதா டம்ளர்களைக் கட்டிலின்மேல் வைத்தாள். வீரம்மாள் அவற்றைப் பார்த்தாள்.

"பெரியவரே, உங்க சாமி நெசமா, சின்னவரு சாமி நெசமா, எனக்குத் தெரியாது. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல. ஒரு உசுரு போவக் கூடாதுன்னு ஓடியாந்தேன். ஏண்டி உள்ள வந்தன்னு உங்கம்மா கேட்டுச்சி. ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க. எங்க உசுரக் காப்பாத்த வந்தான்னு சொல்ல ஒருத்தருக்காச்சும் வாய் வந்துச்சா?"

"அம்மா பழைய காலத்து ஆளு..." என்று தேவநாதன் ஆரம்பித்தான்.

"நீங்க?"

தேவநாதன் பைக் சாவியைக் கையில் எடுத்தான்.

"வெரலு போனது நெசம். மிஷின்ல போச்சின்னு நான் சொல்ல மாட்டேன். கெளம்புங்க."

பைக் தெரு முனையில் திரும்பும்வரை திருமுருகன் அண்ணனின் காதருகே குனிந்து ஏதோ பேசிக்கொண்டே போனான். அண்ணன் தலையாட்டிக்கொண்டே ஓட்டினான்.

வீரம்மாள் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூன்று விரல்களால் ஒரு டம்ளரைப் பிடித்தாள். தளும்பியது. இடது கையைத் துணைக்குக் கொடுத்து முழுவதையும் குடித்தாள்.

"வெள்ளிக்கெழம கேசு விசாரணைக்கு டிஎஸ்பி ஆபீசுக்கு வரச் சொல்லிருக்காங்க" என்றாள் மகளிடம். "நீ கடைக்கு லீவு சொல்லிடு."