அந்துருண்டை ஆறும் கோடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பதாக வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொல்கிறார்கள், என் காதில் விழாதபடி. இருக்கட்டும். இயற்பியல் ஆசிரியைக்கு அந்தக் கோபமும் இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாய் மிஞ்சாது.

அந்த வாரக் கோபம் ஹெச்.எம். அம்மா மேல். ஆய்வுக்கூடத்து மூலையில் இருந்த எட்டுப் பழைய கணினிகளையும் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"அதான் புதுசு வந்தாச்சே டீச்சர். இதை எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க?"

புதுசில், கம்பி மாட்டும் அந்தப் பழைய ஒன்பது ஊசி போர்ட் கிடையாது. எங்களிடம் இருக்கும், மின்சாரத்தோடு வெப்பமும் அளக்கும் மல்டிமீட்டர்களின் கம்பி அந்த போர்ட்டில்தான் ஏறும். ஏற்றிவிட்டால், மீட்டர் காட்டும் எண்ணைக் கணினி நொடிக்கு ஒரு தரம் தானே குறித்துக்கொண்டு கோடு வரையும் என்று மீட்டர் பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது.

அதுதான் எனக்கு வேண்டும். பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு அந்துருண்டைச் சோதனை வைக்கிறேன். உருக்கி ஆறவிட்டு, வெப்பம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒருத்தி கடிகாரத்தைப் பார்ப்பாள், ஒருவன் வெப்பமானியைப் பார்ப்பான், இன்னொருத்தி எழுதுவாள். ஐந்தாவது நிமிடத்தில் மூன்று பேரும் அரட்டையில் இறங்கிவிடுவார்கள். மிச்ச எண்கள் போன வருட நோட்டிலிருந்து வந்து சேரும். எனக்குத் தெரியும், தெரிந்தேதான் டிக் போடுவேன். ஆனாலும் யாரும் கைவைக்காத எண்களை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை விட்டபாடில்லை.

"வியாழக்கிழமை மத்தியானம் வரேன். ஒரு கிராஃப் காட்டுங்க, இருக்கட்டும். இல்லைன்னா வண்டியில ஏத்திடுவேன்" என்றார் ஹெச்.எம்.

புதன்கிழமை சாயங்காலம் என் நாத்தனாரை வரவழைத்தேன். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கம்பியை மாட்டினாள், மீட்டரை ஓடவிட்டாள், கணினியைப் போட்டாள். திரை வந்ததுதான் தாமதம், அம்புக்குறி தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. குப்பைத்தொட்டியைத் திறந்தது, கடிகாரத்தைத் திறந்தது, மூடியது, மூலையில் போய் முட்டிக்கொண்டது. மவுஸை மாற்றினாள். வேறு கணினியில் மாட்டினாள். அதே கூத்து.

"அண்ணி, உங்க கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"உங்க அண்ணனோடவே பதினாலு வருஷம் ஓட்டிட்டேன். இந்தப் பேய் என்ன பண்ணிடும்? அந்த மவுஸைக் கழட்டு பார்ப்போம்."

கழற்றினாள். மவுஸே இல்லாமல் அம்புக்குறி குதித்தது. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நொடிக்கு ஒரு குதி. பக்கத்தில் மீட்டரின் எண்ணும் நொடிக்கு ஒரு தரம் மாறியது. வெப்பம் பார்க்கும் முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். எண் ஏறியது. அம்புக்குறி வேறு பக்கம் தாவியது.

"ஏய், இது மீட்டரோட சேர்ந்து ஆடுது!"

அவள் குனிந்து மீட்டரின் கம்பி மாட்டியிருந்த போர்ட்டைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, அந்தக் காலத்து மவுஸும் இதே போர்ட்லதான் மாட்டும். கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கும்போதே மீட்டர் எதையோ பேசிக்கிட்டிருக்கு. அதனால மீட்டரைப் போய் மவுஸ்னு நினைச்சுக்கிச்சு!"

"அப்ப முதல்ல கம்ப்யூட்டர் நல்லா முழிச்சுக்கட்டும். அப்புறம் மீட்டர் பேசட்டும். உங்க அண்ணனும் அப்படித்தான். முழிக்கிறதுக்கு முன்னாடி எது பேசினாலும் தப்பாத்தான் எடுத்துக்குவார்."

அப்படியே செய்தோம். அம்புக்குறி சமர்த்தாக நின்றது. திரையில் முதல் புள்ளி விழுந்தது.

வியாழக்கிழமை ஹெச்.எம். வந்தார். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். உருகிய அந்துருண்டையில் மீட்டரின் முனையை விட்டேன். கோடு வழுவழுவென்று இறங்கியது. அந்துருண்டை உறைகிற எண்பது டிகிரியில் நின்று நேராக ஓட வேண்டும். நிற்கவில்லை. எழுபத்தெட்டுக்குப் போனது. சட்டென்று திரும்பி எண்பதுக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் நேராக ஓடியது.

"நடுவுல என்ன பள்ளம்? புத்தகத்துல இல்லையே. மெஷின் தப்பாக் காட்டுதா?"

மறுபடி உருக்கினேன். இன்னொரு கணினி, இன்னொரு மீட்டர், இன்னொரு குழாய். அதே பள்ளம். குழாயைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தேன். கோடு ஏறத் தொடங்கிய நேரத்தில்தான் முதல் வெள்ளைப் படிகம் ஓரத்தில் தலைகாட்டியது.

"தப்பில்லை மேடம். முதல் படிகம் கிடைக்கிற வரைக்கும் அது உறையாமலே கீழே போகுது. உறைய ஆரம்பிச்சதும் சூட்டை விடுது, அதான் ஏறுது. காலேஜ்ல ஒரு வரி படிச்சிருக்கேன். கண்ணால இப்பதான் பார்க்கிறேன்."

"அப்ப இத்தனை வருஷம் ஒரு பிள்ளை நோட்டுலகூட இது வரலையே, ஏன்?"

பின்னால் பிள்ளைகள் நோட்டை மூடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

"என் நோட்டுலயே வரலை மேடம். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்க அக்கா நோட்டைப் பார்த்து எழுதினேன். பத்துக்குப் பத்து மார்க்" என்றேன்.

ஹெச்.எம். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தார். போனை எடுத்து இரும்புக்காரரை வர வேண்டாம் என்றார். பேசும்போதும் அவர் கண் அந்தப் பள்ளத்தை விட்டு நகரவில்லை.

"இன்னொரு தரம் உருக்குங்க டீச்சர்" என்றார்.