டீச்சருக்குத் தெரிந்த ஒருத்தர்

"அப்பா, அம்மா உள்ள கிடக்குறாங்க. நீங்க இங்க உக்காந்து பல்லுக்குப் பளபளப்பு ஏத்திட்டிருக்கீங்க."

மகள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் பாலிஷ் சக்கரத்தை நிறுத்தவில்லை. மேல்தாடைப் பல்செட் ஒன்றை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, ஈறுப் பக்கத்தை மெல்லத் திருப்பினார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்த்தார்.

"அந்தப் பெரியவருக்கு இன்னிக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேம்மா. பழசு உடைஞ்சதுலேர்ந்து பிஸ்கட்டை டீயில ஊறவெச்சுத் தின்னுட்டிருக்காரு. அவர் பசிக்கு நம்ம வீட்டு நிலவரம் தெரியுமா?"

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே உங்களுக்கு. உங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குப்பா."

அவருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. உறவுக்காரர்கள் ஃபோனில் கூப்பிட்டபோதெல்லாம், "டீச்சர்..." என்று தொடங்கி, அதற்குமேல் போக முடியாமல் ஃபோனை மகளிடம் நீட்டிவிட்டார். கல்யாணமான புதிதில் கிண்டலுக்காகத்தான் மனைவியை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டல் எப்போதோ தேய்ந்துபோக, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வழக்கமாக அலாரம் அடிப்பதற்கு முன்பே அவள் எழுந்து அதை அமர்த்திவிடுவாள். அவர் தூக்கம் கலையக்கூடாது என்று. இன்று அது அடித்துக்கொண்டே இருந்தது. யார் வீட்டிலோ அடிக்கிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தார். பிறகுதான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். ஆனால் நேற்று மாலைகூட அவள் வண்ணக் காகிதங்களை வெட்டி, ஒன்றாம் வகுப்புக்காக மேலும் சில மீன்கள் செய்துகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை சிஸ்டர் வந்தார். நேரே உள்ளே போய்க் கட்டிலருகே முழந்தாளிட்டார். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலறைக்கு வந்து, வேறு இடம் இல்லாததால் வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்து உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

"பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்கெல்லாம் காலை ஜெபத்துலயே சொல்லியாச்சு. ஒண்ணாம் வகுப்புக்குச் சொல்லணும்னு போனேன். எல்லாம் எழுந்து நின்னு, டீச்சர் எங்க சிஸ்டர்னு கேட்டுச்சுங்க. வெளியூர் போயிருக்காங்கன்னு வாயில வந்துடுச்சு."

"அதனால என்ன சிஸ்டர்."

"அதனால என்னவா? டீச்சர் பயணம் நல்லபடியா அமையணும்னு மன்றாட்டு வெச்சுட்டாங்க. ஒருத்தி எந்த ஊர்னு கேக்குறா. ஒருத்தன் ஜன்னல் சீட் கிடைச்சுதான்னு கேக்குறான். கிடைச்சுதுன்னு அதையும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவருக்குத் தொண்டையில் ஏதோ கிளம்பி வந்தது. சிரிப்பு என்று தெரிந்ததும் அவசரமாக இருமினார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வகுப்புல பொய் சொன்னா டீச்சருக்குப் பிடிக்காது சார். சின்னப் பிள்ளைங்கதானேன்னு ஏமாத்தாதீங்கன்னு என்னையே எத்தனை தடவை திட்டியிருக்காங்க. சாயங்காலம் அடக்கத்துக்குப் பள்ளிக்கூடமே வரப்போகுது. இவங்களை மட்டும் வகுப்புல பூட்டியா வைக்க முடியும்? அதுக்குள்ள யாராவது உண்மையைச் சொல்லணும். நான் போனா அழுதுடுவேன்." சிஸ்டர் மகளைப் பார்த்தார். "நீ வர்றியாம்மா?"

மகள் முடியாது என்று தலையை ஆட்டினாள். கண்ணில் மறுபடி நீர் கட்டிக்கொண்டது.

அவர் சுவிட்சை அணைத்தார். சக்கரம் சுழன்று சுழன்று ஓய்ந்தது. "நான் வர்றேன்."

"ஃபோன்லயே உங்களால சொல்ல முடியலையேப்பா."

"ஃபோன்ல முகம் தெரியாதே."

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். பக்கத்து வீட்டு வாசலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். இவருடைய மொட்டைமாடிக் குழாயிலிருந்து விழும் மழைநீர் அவருடைய சுவரை அரிக்கிறது என்று ஒரு தகராறு. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. இவர் தெருவைப் பார்த்தபடி நடந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்து வாசல்வரை எத்தனையோ முறை வந்திருக்கிறார். மனைவி மறந்துவிட்டுப் போன கண்ணாடி, குடை, சாப்பாட்டு டப்பா என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதுகூட அவள் இழுத்துக்கொண்டு போவதால்தான். கடவுள் அவருக்கு மனைவி வழி உறவு. மாமனார் வீட்டைப் போல மரியாதை உண்டு, அடிக்கடி போக்குவரத்து கிடையாது.

வகுப்பில் எல்லாமே இடுப்புயரத்தில் இருந்தன. கரும்பலகைக்கு மேலே இருந்த சிலுவை மட்டும்தான் உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் என்று ராகம் போட்டார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார் சிஸ்டர். அது அவளுடைய நாற்காலி. அவர் முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"நான் உங்க டீச்சரோட வீட்டுக்காரர்" என்றார்.

வகுப்பு சட்டென்று அடங்கியது. இரட்டைச் சடைக்காரி ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் கண்கள் விரிந்தன.

"நீங்க பல்லு செய்வீங்களா?" என்றாள்.

"ஆமா."

"பாலைக் கருக விட்டுட்டு, அந்தப் பாத்திரத்தைப் பூச்செடிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சீங்களா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "அது உனக்கெப்படித் தெரியும்?"

"இவர்தான்டா அந்த ஒருத்தர்" என்று அவள் வகுப்புக்கே அறிவித்தாள்.

அவ்வளவுதான், கூடு கலைந்ததுபோல் ஆகிவிட்டது. ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டார்கள். கோவிலில் பிரசங்கத்தில் தூங்கிவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தபிறகு எழுந்து நின்று ஆமென் சொன்ன ஒருத்தர் நீங்கள்தானா? பால்காரரிடம் கோபமாகப் பேசிவிட்டு, மறுநாள் தெருமுனைவரை ஓடிப்போய் மன்னிப்புக் கேட்ட ஒருத்தர்? ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி வந்துவிட்ட ஒருத்தர்?

"அதுவும் சொல்லிட்டாளா?" என்றார்.

கதவோரம் நின்ற சிஸ்டர் சங்கடமாகச் சிரித்தார். "'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு'ன்னுதான் டீச்சர் மறைக்கல்வி வகுப்பையே ஆரம்பிப்பாங்க சார். அந்த ஒருத்தர் தப்புப் பண்ணாத நாளே கிடையாது. பேரைச் சொன்னதில்லை. ஆனா பல்லு செய்றவர்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டாங்க போலிருக்கு. அதை இவங்க விடுவாங்களா?"

"தப்பு மட்டும்தான் பண்ணேனா?"

"இல்ல, அப்புறம் சரி பண்ணிடுவீங்க" என்றாள் இரட்டைச் சடை, தேற்றும் குரலில். "ஆனா லேட்டா."

முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒருவன் கிட்டே வந்து வாயைத் திறந்து காட்டினான். "எனக்கு ஒண்ணு வெச்சுக் குடுப்பீங்களா?"

அவர் பழக்கத்தில் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "உனக்குக் கடவுளே வெச்சுக் குடுப்பாருடா. அவர் கைவிட்ட கேஸை மட்டும்தான் நான் பாக்குறேன்."

"நாங்க தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றோம்" என்றான் அவன், தாடையை விடுவித்துக்கொண்டே. "ஒருத்தருக்குக் கோபம் குறையணும், பக்கத்து வீட்டு தாத்தாகூட ஒருத்தர் பேசணும்னு. பேசிட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"அய்யோ" என்றது வகுப்பு மொத்தமும், வீண்போன உழைப்பை நினைத்து.

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். "நானும் பண்ணியிருக்கேன் சார். இதே வகுப்புலதான் படிச்சேன். எங்க காலத்துல சிகரெட்டுக்காக. ஒருத்தர் சிகரெட்டை விடணும்னு வருஷம் பூராவும் பண்ணினோம். அந்த ஒருத்தர் நீங்கன்னு இந்தப் பிள்ளைங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவர் சிகரெட்டை விட்டது உண்மை. தன் மனவுறுதியைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் இன்றுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மறுத்தா பேச முடியும்? பல் விழுந்த வாய்களெல்லாம் வருஷக்கணக்கில் தனக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது தெரியாமலே, உண்டு உறங்கி, சண்டை போட்டு, பாலைக் கருகவிட்டு வாழ்ந்திருக்கிறார். அவளோ இரவு சாப்பிடும்போது, இன்று வகுப்பில் என்ன பாடம் என்று கேட்டால், "வழக்கமான பாடம்தாங்க" என்பாள்.

"டீச்சர் எப்போ வருவாங்க?" என்று இரட்டைச் சடை கேட்டாள்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஃபோனில் வராதது இப்போது எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.

"வரமாட்டாங்கம்மா. டீச்சர் இன்னிக்குக் காலைல செத்துப்போயிட்டாங்க. வெளியூர் போகல."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கயிற்றில் தொங்கிய காகித மீன்கள் மட்டும் காற்றில் திரும்பிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். பக்கத்திலிருந்தவள் தன் கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவளிடம் கொடுத்தாள்.

"வலிச்சுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வலிச்ச மாதிரி முகம் இல்ல. தூங்குற மாதிரிதான் இருந்தாங்க."

"பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான்."

"நீங்க முழிச்சிட்டிருந்தீங்களா?"

இதை மகள் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, கோவில் பாதிரியாரும் கேட்கவில்லை. "இல்ல" என்றார். "தூங்கிட்டிருந்தேன். அலாரம் அடிச்சும் எழுந்திருக்கல."

முன்பல் இல்லாதவன் அவர் முழங்காலில் கையை வைத்தான். "பரவாயில்ல அங்கிள். ஒருத்தர் தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்னு டீச்சருக்குத் தெரியும். எங்ககிட்ட சொல்லியிருக்காங்க."

அவர் அந்தச் சின்னக் கையின்மேல் தன் கையை வைத்தார். விரல்களில் மெழுகும் பொடியும் அப்பியிருந்தன. காலையிலிருந்து வராதது வந்தது. பிள்ளைகள் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. கைக்குட்டை பின்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி முன்னால் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே நனைந்திருந்தது.

"சிஸ்டர்" என்று இரட்டைச் சடை எழுந்தாள். "இன்னிக்கு மன்றாட்டு சொல்றது என் முறை. டீச்சர் பயணம் நல்லபடியா அமையணும்னு சொன்னதை மாத்தணுமா?"

சிஸ்டர் யோசித்தார். "வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள். அவரும் குட்டி நாற்காலியிலிருந்து பாடுபட்டு எழுந்தார். டீச்சருடைய பயணத்துக்காக முதல் மன்றாட்டு. இரண்டாவது, வழக்கம்போல ஒருத்தருக்காக. அவர் எதிரிலேயே நிற்கிறார் என்ற கூச்சமெல்லாம் அவளுக்கு இல்லை. "அவர் கோபப்படாம இருக்கணும். பக்கத்து வீட்டு தாத்தாகூடப் பேசணும். பாலை அடுப்புல வெச்சா பக்கத்துலயே நிக்கணும், இனிமே யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. ஆண்டவரே."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது வகுப்பு.

"...கேட்டருளும்" என்று அவர் தனியாக, ஒரு சொல் பின்தங்கி முடித்தார்.

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார், கண்ணைத் துடைத்தபடியே.

வீடு திரும்பியபோது ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். மகள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லிட்டேன். உங்கம்மா என் மானத்தை மொத்தமா வாங்கிட்டாம்மா." முழுவதையும் சொன்னார். பால் பாத்திரத்தைக் கேட்டதும் மகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. பார்த்தவர்கள், பாவம் பெண் எப்படி அழுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

வாசலில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தது கண்டக்டர். பஸ்ஸில் ஆள் ஏற்றிய பழக்கமோ என்னவோ, வந்தவர்களை உள்ளே தள்ளித் தள்ளி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் மகளிடம் சொன்னார்.

"இங்க இடம் பத்தாதும்மா. என் வீட்டு வாசல்லயும் நாற்காலி போடலாமான்னு அப்பாகிட்ட கேளு."

அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். "போடலாம்னு சொல்லும்மா" என்றார்.

"அந்தப் பக்கம் வெயில் இறங்கிடும். அதான் கேட்டேன்னு சொல்லு."

"குழாயையும் மழைக்கு முன்னாடி இந்தப் பக்கம் திருப்பிடுறேன்னு சொல்லும்மா."

மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்டக்டர் கையிலிருந்த நாற்காலியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் வந்தது. ஒன்றாம் வகுப்பு முன்னால். ஒருவர் சட்டையை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, தெருவை அடைத்துக்கொண்டு நீளமாக வந்தார்கள். வீட்டு இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளும் சரிவில் நிற்காமல் தாமாகவே மூடிக்கொள்ளும். பிள்ளைகள் மேல் இடித்துவிடப்போகிறதே என்று அவர் ஓடிப்போய் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கதவை நோக்கிக் கை நீட்டினார். அது எட்டவில்லை. அதற்குள் கண்டக்டர் வந்து அதைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

இருவருக்கும் நடுவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வரிசை கேட்டைத் தாண்டும்போது இரட்டைச் சடைக்காரி மட்டும் நின்றாள். தலையைத் தூக்கி இந்தப் பக்கத்து முகத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கத்து முகத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்தவன் அவள் சட்டையை இழுத்தான். அவள் முன்னாலிருந்தவனின் சட்டையை மறுபடி பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.