கடலைத் தேடிப் போன ஆமை

கத்தரீனுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மலையூரான ரிங்லெட்டுக்கு வந்து படுத்ததும், அவள் தங்கை எவலினிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் படித்த கதைப் புத்தகம். கடலைத் தேடிப் போன ஓர் ஆமையின் கதை.

"பெட்டியில பத்திரமா இருக்குக்கா."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலிசெய்த அன்று, ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கி, காற்றுப் புகாமல் ஆணியடித்தவள் எவலின்தான். இப்போது பலகையைப் பெயர்த்தாள். பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்துக் கட்டியாகிக் கிடந்தன. பெட்டியை அடைத்த அன்றைக்கு நல்ல மூடுபனி. ஈரத்தோடு தேயிலையை அடைக்காதே என்று முப்பது வருடம் ஃபேக்டரியில் எல்லோரையும் திட்டியவள், நமுத்த புத்தகங்களை அப்படியே அடைத்துவிட்டாள்.

"கொண்டாந்தியாடி? படி லா."

அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. எவலின் அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொன்னாள். ஆமை மலை இறங்கியது, ஆற்றைக் கடந்தது. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

"கடைசியில கடலைப் பாத்து சந்தோஷமா இருந்துச்சுக்கா."

"பொய் சொல்றடி. முடிவைப் படிச்சிட்டு ரெண்டு பேரும் அழுதோமே."

"கதை எப்படிக்கா முடியும்? நீயே சொல்லேன்."

"எனக்குத் தெரிஞ்சா உன்னை ஏன் கேக்குறேன்?"

கத்தரீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு கடைசிவரை அவள் எதுவும் கேட்கவில்லை.