கதவுப் பக்கத்துச் சிவப்புப் பொத்தான்

அவருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'சட்டம்'. தண்ணீர் குடித்த டம்ளரை எங்கே கவிழ்க்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு விதி இருக்கும். பணி ஓய்வு பெற்றதும் வீட்டின் பின்பக்க சாமான் அறையைத் தச்சு அறையாக்கிக்கொண்டார். விதிகளும் கூடவே குடியேறின.

இந்த மாதத்து மும்முரம் மரம் இழைக்கும் ரவுட்டர் மேஜை. மேஜைக்கு அடியில் தலைகீழாக மிஷின் தொங்கும். நடு ஓட்டை வழியே வெட்டும் பிட் மட்டும் தலை நீட்டும். தடுப்புக் கட்டையை ஒட்டிப் பலகையைத் தள்ளினால் ஓரத்தை அழகாக இழைத்துக் கொடுக்கும். மனுஷர் பாதுகாப்பில் கில்லாடி. பதினொரு அம்சம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கதவுப் பக்கமாகப் பொருத்தியிருந்தார். தனக்கு ஏதாவது ஆனால் மனைவி ஓடிவந்து அமுக்க வேண்டுமே!

கூடவே இன்னொரு சட்டமும் போட்டார்: மிஷின் ஓடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஆள் திடுக்கிட்டால் கை போய்விடும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம், தடுப்புக் கட்டையை இறுக்கிப் பிடிக்கும் இரண்டாவது கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னங்க, காபி போடட்டுமா?"

"எத்தனை தடவை சொல்றது? போ போ!"

"மிஷின்தான் ஓடலையே?"

"ஓடினா என்ன ஓடாட்டி என்ன? போன்னா போ!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தக் கோபத்தில் அவர் சுவர்ப் பட்டியலில் கிளாம்புக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டார். கடைசி அரைச் சுற்று பாக்கி.

பலகை ஆறடி, அறையோ கையகலம். மிஷினை ஓடவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, இந்தப் பக்கம் பீரோவும் அந்தப் பக்கம் மர அடுக்கும் நெருக்க, வயிற்றால் முட்டுக் கொடுத்துத் தள்ளினார். பாதி தூரம் போனது. கிளாம்பு வழுகியது. தடுப்புக் கட்டை நகர்ந்து பலகையைப் பிட்டோடு சேர்த்துக் கவ்வியது.

பலகை பின்னால் எகிறியது. நேராக அவர் வயிற்றில்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விட்டால் குடல் இருக்காது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பிட் அலறியது, மரம் கருகிப் புகைந்தது. பொத்தான் ஆறடி தூரத்தில் பளபளவென்று இருந்தது. காலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. ஐயோ, இப்படியா சாகப்போகிறேன் என்று வாய்விட்டே சொன்னார்.

கதவுக் கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது. கையில் காபி.

"வா! உள்ளே வா!" என்று கத்தினார். மிஷின் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. கை காலியில்லை, அதனால் மோவாயை வேகமாக ஆட்டினார். முப்பது வருஷமாக அவளை விரட்டிய அதே மோவாய், அதே சிவந்த முகம்.

அவள் டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அவருக்கு அழுகை வந்தது. வராமல் என்ன செய்யும்? பலகை இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே அழுத்தியது. பிடி வழுகியது.

திடீரென்று விளக்கு அணைந்தது. மிஷின் முனகி, சுழன்று, நின்றது.

வெளியே மனைவியின் குரல். "மெயினை அணைச்சுட்டேன்! ஆசையா காபி கொண்டுவந்தா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறீங்க. இன்னைக்கு மிஷினும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். என்ன பண்ணணுமோ பண்ணுங்க!"

அவர் பலகையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினார். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளேயிருந்து திட்டு வராதது அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"என்னங்க... இப்ப ஓடலை. கதவைத் திறக்கலாமா?"

"திற" என்றார்.

உள்ளே வந்தவள் புகையையும் பலகையையும் கிழிந்த சட்டையையும் பார்த்து டம்ளரைக் கீழே போட்டாள்.

"கரண்ட் வந்தா மறுபடி ஓடும்" என்றார். "முதல்ல அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கு. உனக்காகத்தான் அங்கே வச்சேன்."

அவள் அமுக்கினாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்காகவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"