மூன்றங்குலம் குறைத்த கண்ணாடி

வாஞ்சிநாதனுக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் எதுவும் கேட்க மாட்டார். தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அதுதான் சரி என்று இருந்துவிடுவார். இந்தக் குணத்தோடு ஷ்யாமளா பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தினாள். போதுமடா சாமி என்று ஆனபோது, பன்னிரண்டு வயது மகள் வெண்பாவைக் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சிக்கு, எடிசனுக்குப் போய்விட்டாள். அவள் போவாள் என்பது அவர் கணக்கில் இல்லவே இல்லை.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பிளசன்டன் வீட்டில் மிஞ்சியது அவரும், காரேஜில் நின்ற காரும்தான். 1932ஆம் வருஷத்து ஃபோர்டு, மேலே கூரை கிடையாது. இந்த மாதிரிப் பழைய காரை வாங்கி, பெரிய எஞ்சினைப் போட்டு, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, முன்கண்ணாடியையும் வெட்டிக் குட்டையாக்கி ஓட்டுவதில் இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். ஹாட் ராட் என்பார்கள். வெண்பா எட்டு வயதில் கண்காட்சி மைதானத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, நகர மாட்டேன் என்று நின்றாள். அடுத்த மாதமே வாஞ்சிநாதன் துருப்பிடித்த கூடு ஒன்றை வாங்கிவந்து காரேஜில் இறக்கினார். "பதினெட்டு வயசு ஆகட்டும், இது உனக்குத்தான்" என்றார். ஷ்யாமளா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பதினெட்டு இந்த வருஷம் வந்தது. வெண்பாவுக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று எடிசனுக்குப் பக்கத்தில், இன்னொன்று பிளசன்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில். மே ஒன்றாம் தேதிக்குள் எது என்று சொல்லியாக வேண்டும். "நான் வந்து பாக்கறேன் அப்பா. ஃபோர் டேஸ்" என்றாள் போனில். அன்றிலிருந்து வாஞ்சிநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் வருவாள், காரைப் பார்ப்பாள், ஓட்டுவாள், இங்கேயே படிக்கிறேன் என்பாள். நான்கு வருஷம் பக்கத்திலேயே இருப்பாள். இதுதான் கணக்கு. வேறு எந்த ஆசையும் அந்த மனுஷனுக்கு இல்லை.

எல்லா வேலையும் முடிந்து முன்கண்ணாடி மட்டும் பாக்கி. பக்கத்து ஊர் லிவர்மோரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர் கிட்டுசாமியை வரவழைத்தார். கண்ணாடி நிற்கும் இரண்டு பக்கக் கம்பங்களையும் அறுத்து, சட்டத்தைக் குறைத்து, கண்ணாடியையும் அதே அளவுக்கு வெட்ட வேண்டும். கிட்டுசாமி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங் வாஞ்சி, ஓட்டறது யாரு? நீங்களா, பாப்பாவா?"

"பாப்பாதான்."

"அப்பப் பாப்பாவ சீட்டுல உக்கார வெச்சு, கண்ணு எங்க வருதுன்னு பாத்துட்டுத்தானுங்க வெட்டோணும். அதுதான் மொறை. அடுத்த வாரம் வருதுங்கறீங்க, அதுவரைக்கும் பொறுக்கலாமில்லீங்க?"

"வர்றப்போ ரெடியா நிக்கணும் சார். அவ என்னை மாதிரிதான். எங்க வீட்ல ஒருத்தரும் அஞ்சரை அடி தாண்டினதில்ல."

"ஒரு போன் போட்டு ஒயரம் கேட்டா அரை நிமிசம்."

"சர்ப்ரைஸ் போயிடும்" என்றார் வாஞ்சிநாதன். சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார், நிமிர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. கிட்டுசாமி அவர் கண்ணுக்கு மேலே இரண்டு விரல் விட்டுக் கம்பத்தில் கோடு போட்டார். மூன்று அங்குலம் போயிற்று.

ஷ்யாமளாவின் அண்ணன்மார் இரண்டு பேரும் கல்யாண மண்டப வாசலில் குனிந்து நுழைந்தவர்கள். அது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. வேண்டாதவர்களை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளோடு வீடியோ காலில் பேசுகிறார்தான். அதில் கழுத்துவரைதான் பிள்ளை. நேரில் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. முதலில் கொரோனா, அப்புறம் வேலை போய் வேறு வேலை, அப்புறம் கிரீன் கார்டு அலைச்சல், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். காரணம் எல்லாம் நிஜம்தான். ஆனால் காருக்கு வேண்டிய சாமானுக்காக லாஸ் ஏஞ்சலஸ் வரை நான்கு தடவை போய்வந்திருக்கிறார், அதுவும் நிஜம்.

சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அவர் கூட்டத்துக்குள் சின்னப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். "அப்பா" என்று குரல் தலைக்கு மேலே கேட்டது. நிமிர்ந்தார். ஷ்யாமளாவின் அண்ணனுக்குப் பின்னல் போட்டுவிட்டது போல் ஒரு பெண் பெட்டியோடு நின்றது. பெற்ற மகளை ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிற அந்த நிமிஷத்தில், அடப்பாவி, அவர் மனசில் முதலில் வந்தது கண்ணாடியின் மேல் சட்டம். வெண்பா குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"வளந்துட்டியேம்மா" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வீடு வரும்வரை கார் பேச்சையே எடுக்கவில்லை. காரேஜ் கதவு ஏறியது. வெண்பா வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே போய் மெதுவாக ஒரு சுற்று வந்தாள், விளக்கைத் தொட்டாள், கதவைத் தொட்டாள். அப்போது அவள் முகத்தில் எட்டு வயதுக் குழந்தை இருந்தது. வாஞ்சிநாதன் அதைக் கண்ணாரப் பார்த்தார். அது அவருக்குக் கிடைத்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியின் மேல் சட்டம் அவள் இரண்டு கண்ணுக்கும் நேராக, குறுக்கே வந்து நின்றது.

வெண்பா கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் குனிந்து பார்த்தாள். கடைசியில் முதுகை வளைத்துக்கொண்டு, "போலாமா?" என்றாள்.

சுனோல் என்ற சின்ன ஊரைத் தாண்டி மலைச்சாலையில் போனார்கள். குனிந்தால் சாலை தெரிந்தது, ஆனால் கழுத்து வலித்தது. நிமிர்ந்தால் காற்று நேரே முகத்தில் அறைந்தது. ஒரு மைல் குனிவாள், ஒரு மைல் நிமிர்வாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது.

"கஷ்டமா இருக்காம்மா?"

"நோ நோ. இட்ஸ் ஃபைன் அப்பா. ரொம்ப நல்லாருக்கு."

யார் வீட்டுக்கோ சாப்பிடப் போய், சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி என்பார்களே, அந்தக் குரல். வாஞ்சிநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கண்ணாடி எனக்கு ஆகாது, ஏன் இப்படி வெட்டினீங்க என்று கத்தியிருந்தால் தேவலை. சொந்தப் பிள்ளை என்றால் கத்தும். விருந்தாளிதான் பொறுத்துக்கொள்வார்.

"நிறுத்தும்மா. நான் ஓட்டறேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, கிட்டுசாமி கை சுத்தமான கை. அவருக்குச் சாலை முழுக்கத் தெரிந்தது, முகத்தில் துளிக் காற்று படவில்லை. பக்கத்தில் வெண்பா முழங்காலை மடக்கி, சீட்டில் சரிந்து, சட்டத்துக்குக் கீழே தலையைக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குச் சரியா இருக்கும்னுதாம்மா நினைச்சேன்."

"நான் சொன்னேனே அப்பா. லாஸ்ட் இயர், வாலிபால் டீம்ல எடுத்தப்போ. ஐ'ம் த டாலஸ்ட் கேர்ள்னு சொன்னேன்."

அவருக்கு நினைவில்லை. "நான் என்ன சொன்னேன்?"

"கால்குலஸ்ல எவ்ளோ மார்க்னு கேட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொல்லியிருப்பார்.

"புதுக் கம்பம் வாங்கிடலாம். பெரிய கண்ணாடி போட்டா ஒரே வாரம்மா. கிட்டுசாமிகிட்ட இன்னிக்கே சொல்றேன்."

"ஐ நோ அப்பா." காற்றில் பறந்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் ஜெர்சிலயே படிக்கிறேன்பா."

அதை முழுக்கத் தமிழில் சொன்னாள்.

"கண்ணாடியாலயா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது.

"இல்லப்பா" என்றாள் வெண்பா. அவர் கைமேல் கையை வைத்தாள். அந்தக் கையும் அவர் கையைவிடப் பெரிதாக இருந்தது.

வாஞ்சிநாதன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "உன் ஹைட் எவ்வளவும்மா?" என்றார்.

"ஃபைவ் லெவன்."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. செருப்பு என்ன சைஸ், காலையில் என்ன சாப்பிடுவாய், நெருங்கிய சிநேகிதி யார், வாலிபாலில் எந்த இடத்தில் நிற்பாய், ராத்திரி எப்போது தூங்குவாய், எதைக் கண்டால் பயம், அம்மா வீட்டில் உனக்குத் தனி ரூமா என்று அந்த நான்கு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏர்போர்ட் வாசல் வரை கேட்டார். வெண்பா எல்லாவற்றுக்கும் பொறுமையாக, சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். அவரைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.