கெல்டர்பி, ஜே.

அல்பேட் கெல்டர்பி முதல்முறை தொலைபேசியில் அழைத்தபோது, கம்பளம் கழுவ ஆள் பிடிக்கிறவர் என்று நினைத்து விமலநாதன் வைத்துவிட்டார். இரண்டாம் முறை அவருடைய மகள் நிருஷா எடுத்தாள். மறுமுனையில் ஒரு முதியவர், எழுதிவைத்ததை வாசிப்பதுபோல நிதானமான ஆங்கிலத்தில், தான் எதையும் விற்கவில்லை என்றார். தன் பெயரும் கெல்டர்பிதான் என்றார். தொலைபேசிப் புத்தகத்தில் ‘கெல்டர்பி, வி., கோட்-டெ-நெய்ஜ்’ என்று இருக்கிறதே, அது எந்தக் கிளை?

“அப்பா, நாங்கள் எந்தக் கிளை எண்டு கேக்கிறார்.”

“பாங்கோ? எனக்குப் பாங்கில அலுவல் ஒண்டும் இல்லையெண்டு சொல்லு.”

அது 2003, மொன்றியலில் பனி கரைந்து நடைபாதைகளில் சரளைக்கல் மட்டும் மிஞ்சியிருந்த ஏப்ரல். நிருஷா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முதியவர் சொல்லச் சொல்ல அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். உலகத்தில் இந்தப் பெயரோடு முந்நூறு சொச்சம் பேர்தான் இருக்கிறார்களாம். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இவர் இருபது வருடமாகத் தேடிச் சேர்த்துவைத்திருக்கிறாராம். சொந்த நகரத்துப் புத்தகத்தைத்தான் கடைசியாகத் திறந்தாராம்.

விமலநாதன் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“எல்லாரையுமோ?”

“எல்லாரையும் எண்டுதான் சொல்லுறார்.”

“வாற ஞாயிறு வாறம் எண்டு சொல்லு.”

டோர்வல் விமான நிலையத்தில், பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் இடத்தில் விமலநாதனுக்கு வேலை. அவருடைய பெயரட்டையைப் பார்ப்பவர்கள் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார்கள். அவர்களுக்கென்று அவரிடம் ஒரு சிறிய விளக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் ஒரு பையனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கடல்கடந்து யாராவது பணம் அனுப்பினால், அந்த உபகாரியின் பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். நாலு தலைமுறைக்கு முன்பு வேலன் என்று ஒரு பையன் உள்ளே போனான், தோமஸ் கெல்டர்பியாக வெளியே வந்தான். உபகாரி இங்கிலாந்தில் ஒரு சீமாட்டி. குடும்பத்தில் யாரும் அவளைப் பார்த்ததில்லை, படம்கூட இல்லை.

இந்தப் பெயரால் அவருக்குப் பெரிய நன்மை எதுவும் வந்ததில்லை. ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. தம்பி யோசெப் 1993இல் கொழும்பிலிருந்து பாங்கொக் போனான். அங்கிருந்து ஒருமுறை தொலைபேசியில் கதைத்தான். “வாற கிழமை வெளிக்கிடுறன் அண்ணை, எந்த நாடு எண்டு இன்னும் சொல்லேல்ல.” பிறகு எதுவும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதியாயிற்று. ரொறொன்ரோவில் வரும் தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு விளம்பரமும் போட்டாயிற்று. காணாமற்போனவர்களைத் தேடும் மற்றவர்களைவிடத் தனக்கு ஒரு வசதி இருப்பதாக விமலநாதன் நம்பினார். உலகத்தில் ஆயிரம் சிவகுமார்கள் இருக்கலாம், எவர் எவரென்று பிரித்தெடுக்க முடியாது. யோசெப் கெல்டர்பி ஒருவன்தான். எங்கே கரையேறினாலும் அந்தப் பெயர் தனியே நின்று காட்டிக்கொடுக்கும்.

அல்பேட்டின் வீடு நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாவது மாடி. ரயில்வேயில் நேர அட்டவணைகள் வரைந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த உயரமான உருவம், முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. தேநீரை ஊற்றிவிட்டு, ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், இருவரையும் சுவரில் இருந்த உலகப் படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். இங்கிலாந்தின் வடக்கில் குண்டூசிகள் எறும்புகள்போல மொய்த்திருந்தன. அங்கிருந்து விலக விலக அவை குறைந்தன. ஒன்ராறியோவில் ஒரு பிடி, அவுஸ்திரேலியாவில் ஒரு பிடி, நியூசிலாந்தில் நாலைந்து. சில சிவப்பு, சில மஞ்சள். யாழ்ப்பாணத்தில் மஞ்சளாக ஒன்று தனியே நின்றது.

“கெல்டர்பி யோர்க்ஷயரில் ஒரு ஊர். இப்போது ஒரு தேவாலயமும் நாலு வீடும்தான். நோர்வேப் பக்கத்துப் பழைய நோர்ஸ் மொழியில் ஊற்றுக்குப் பக்கத்து ஊர் என்று அர்த்தம்,” என்றார் அல்பேட். “ஆனால் ஒன்று பாருங்கள். அந்த ஊரில் இருந்தவன் எவனுக்கும் கெல்டர்பி என்று பெயர் இல்லை. ஊரே கெல்டர்பி என்றால் ஒருவனை அப்படிக் கூப்பிட்டு என்ன பயன்? வெளியே போய் இன்னொரு ஊரில் நின்றவனைத்தான் அங்கே இருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். இது போனவர்களின் பெயர்.”

நிருஷா தமிழில் சொன்னாள். விமலநாதன் முதன்முறையாகச் சிரித்தார்.

“எங்களோட வேலை செய்யிற சுதுமலையர் மாதிரி. சுதுமலையில ஆர் அவரைச் சுதுமலையர் எண்டது? இஞ்ச டோர்வல்லதான்.”

அதை ஆங்கிலத்தில் கேட்ட அல்பேட் மிகவும் மகிழ்ந்தார். சுதுமலை எங்கே இருக்கிறது என்று படத்தில் தேடினார்.

“இந்த மஞ்சள் ஏன்?” என்று நிருஷா கேட்டாள்.

“சிவப்பு பிறப்பால் வந்தவர்கள். மஞ்சள் பெயரால் வந்தவர்கள். தத்துப் பிள்ளைகள், நீங்கள்.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. “தாழ்வாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பத்தி எழுதுகிறேன், அங்கே எப்படிப் போனார்கள் என்று. வருடத்துக்கு ஒருமுறை செய்திமடலாக எல்லோருக்கும் அனுப்புவேன். என் மருமகன் இணையத்திலும் போட்டுவிடுகிறான். இன்னும் பத்தி எழுதாத ஊசி ஒன்றுதான் பாக்கி.”

அவர் விரல் வடக்கே, வடக்கே போய், நோர்வே கடலுக்குள் முடிந்துவிடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே நிறமில்லாத ஓர் ஊசி.

“வார்டோ. மீன்பிடி ஊர். அங்கேயுள்ள நண்பர் ஒருவர் தொலைபேசிப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னார். கெல்டர்பி, ஜே. நோர்ஸ் மொழியில் பிறந்த பெயர் ஆயிரம் வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. ஆங்கிலேய மாலுமி யாராவது இருக்கலாம். இரண்டு தரம் எழுதினேன், பதில் இல்லை.”

நிருஷா மொழிபெயர்க்கத் தொடங்குமுன்பே விமலநாதன் படத்துக்கு மிக அருகே போயிருந்தார். யோசெப்பின் ஆங்கில முதலெழுத்தான ‘ஜே’க்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“மீன் பக்டரியளில எங்கட ஆக்கள் கனபேர்,” என்றார். “நோர்வேயின்ர அந்த மேல் பக்கத்தில. கேள்விப்பட்டனான். பிள்ளை, நம்பர் இருக்கோ எண்டு கேள்.”

நம்பர் இருந்தது. வீட்டுக்குப் போய் அழைக்கலாம் என்று நிருஷா சொல்லிப்பார்த்தாள். விமலநாதன் ஏற்கெனவே பணப்பையிலிருந்து, கொழும்புக்குக் கதைக்கத் தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கிவைத்திருந்த தொலைபேசி அட்டையை எடுத்துவிட்டார். அல்பேட்டுக்கு விஷயத்தைச் சொன்னாள். சிறிய தகப்பனார். பத்து வருடம். பெயர் யோசெப். அல்பேட் தொலைபேசியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். பிறகு எதிர்க் கதிரையில், தேவாலயத்தில் உட்காருவதுபோல, கைகளைக் கோத்து உட்கார்ந்தார்.

நீண்ட இலக்கங்களை நிருஷா அழுத்தினாள். மணி அடித்தது. ஒரு குழந்தை எடுத்து, புரியாத மொழியில் என்னவோ கேட்டது. பிறகு உள்ளே திரும்பிக் கத்தியது: “அப்பா!”

விமலநாதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ?”

“யோசெப்போ?”

“ஓம், யோசெப்தான். ஆர் கதைக்கிறது?”

அவர் மகளைப் பார்த்தார். குரல் அவனுடையதா என்று அவருக்கே தெரியவில்லை. பத்து வருடத்தில் ஒரு குரல் தடிக்கலாம்.

“நான் விமலன்.”

“எந்த விமலன்?”

“கெல்டர்பி விமலநாதன். மொன்றியல்ல இருந்து.”

மறுமுனையில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். ஒரு கதவு மூடப்பட்டது. மறுபடி வந்த குரல் தாழ்ந்திருந்தது.

“அண்ணை, அவர் உங்கட ஆரு? தம்பியோ?”

நிருஷாதான் சொன்னாள். “ஓம். என்ர சித்தப்பா.”

“என்ர பேர் நகுலேஸ்வரன். வவுனியா. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. பாங்கொக்கில ஏஜென்சிக்காரன் எனக்குத் தந்தது உங்கட தம்பியின்ர பாஸ்போட். தலைமாத்தி. அவரின்ர படத்தைக் கழட்டிப்போட்டு என்ர படத்தை ஒட்டினவங்கள். இஞ்ச எயார்போட்டில பிடிச்ச உடன அந்தப் பேரிலதான் பதிஞ்சாங்கள். பேந்து மாத்தப் போனா, பொய்க் கேஸ் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்டு பயம். அப்பிடியே இருந்திட்டன்.”

“தம்பியைக் கண்டனீரோ?”

“இல்லை அண்ணை. பாஸ்போட்டைத்தான் கண்டனான். உரியவர் எங்க எண்டு கேட்டன். அவர் வேற ஒராளின்ர பேரில முதலே போயிட்டார் எண்டு சொன்னவன்.”

“எங்க போனவனாம்?”

“அதைச் சொல்லேல்ல.”

“என்ன பேரில?”

“தெரியாது அண்ணை. அந்த வீட்டில இருவது பேர் இருந்தனாங்கள். ஒருத்தரும் ஒருத்தரிட்ட பேர் கேக்கிறேல்ல.”

அல்பேட் முன்னால் சாய்ந்தார். குரல்கள் தாழ்வதையும் உயர்வதையும் மட்டும் வைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். நிருஷா அவரைப் பார்க்காமலிருக்கச் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு நாட்டில் சித்தப்பா யாரோ ஒருவராக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த யாரோ இன்னோர் ஊரில் மற்றொருவராக இருக்கலாம். வரிசையின் கடைசியில் நிற்பவனிடம் எந்தப் பெயரும் இல்லாமலும் இருக்கலாம்.

“அண்ணை,” என்றது குரல். “ஒரு வெள்ளைக்காரன் ரெண்டுதரம் கடிதம் போட்டவன், இந்தப் பேர் எப்பிடி வந்ததெண்டு. நான் கிழிச்சுப்போட்டன். நீங்களும் ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. ரெண்டு பிள்ளையள். அதுகளுக்கும் இதுதான் பேர். அதுகளுக்கு ஒண்டும் தெரியாது.”

“பிள்ளையளின்ர பேர் என்ன?”

“மூத்தவள் தீப்தி. சின்னவன் வினோஜன்.”

“தீப்தி கெல்டர்பி,” என்று விமலநாதன் மெதுவாகச் சொல்லிப்பார்த்தார்.

“பேரைத் திருப்பித் தாவெண்டு நீங்கள் கேட்டா, அது நியாயம்தான். ஆனா எப்பிடித் தாறதெண்டு எனக்குத் தெரியேல்ல.”

“பேரென்ன போட்டிருக்கிற சேட்டே, கழட்டித் தாறதுக்கு? நீரே வைச்சிரும்.”

அப்போது அட்டையின் பதிவுசெய்த பெண்குரல் குறுக்கிட்டு, இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னது. நகுலேஸ்வரன் அழுதாரா இருமினாரா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. “அண்ணை, அவர் கட்டாயம்...” என்று தொடங்கினார். இணைப்பு அறுந்தது.

அறையில் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அல்பேட் எழுந்து பொத்தானை அணைத்தார்.

“அவர்தானா?” என்று நிருஷாவிடம் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு யார் என்பதாக இருக்கும். யாரென்று தெரியாத ஊசியை அல்பேட் விடமாட்டார். மறுபடியும் எழுதுவார். ஆம் என்று சொன்னால் அது செய்திமடலில் வரும், இணையத்தில் வரும். பத்து வருடமாகத் தேடப்பட்ட யோசெப் கெல்டர்பி கிடைத்துவிட்டான் என்று உலகம் முழுவதும் வாசிப்பார்கள். அதன்பிறகு சித்தப்பாவைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

விமலநாதன் மகளைப் பார்க்கவில்லை. டோர்வலில் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் நேரே அல்பேட்டிடம் சொன்னார்:

“ஆம். என் தம்பி.”

அல்பேட் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்படி ஒரு பத்தி தனக்குக் கிடைத்ததே இல்லை என்று சொல்லி, பேனாவைத் தேடினார். தம்பி எப்படிப்பட்டவர்? சிறு வயதில் எப்படி?

விமலநாதன் ஆறிப்போன தேநீரைத் தன் பக்கம் இழுத்தார்.

“சரியான பயந்தாங்கொள்ளி,” என்றார் தமிழில். “கடலுக்க இறங்கமாட்டான். கீரிமலைக்குப் போனா நாங்கள் எல்லாரும் குளிப்பம், அவன் உடுப்புக்குக் காவல் இருப்பான். ஆனா பாட்டு நல்லாப் பாடுவான். கோயிலில கொயர் மாஸ்ரர் அவனைத்தான் முன்னுக்கு விடுறவர். மற்றாக்களுக்கு அதில எரிச்சல். எனக்கும்தான்.”

நிருஷா ஆங்கிலத்தில் சொன்னாள். கடலுக்குப் பயந்தவர் இப்போது ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கிறாரா என்று அல்பேட் சிரித்தார். அதையும் எழுதிக்கொண்டார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் அவள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா சொன்னதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை.

ஷெர்புரூக் தெருவில் பேருந்துக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்:

“அப்பா, இனி சித்தப்பாவை ஆரும் தேடமாட்டினம்.”

“ஓம்.”

“அவர் வேற பேரில எங்கயும் இருந்தா?”

“அவன்ர பேர்தானே மாறியிருக்கும். எங்கட பேர் அவனுக்குத் தெரியும்தானே. இந்த மனிசன் புத்தகத்தில பாத்துத்தானே எங்களுக்குக் கோல் எடுத்தவர். அவனும் பாக்கலாம்.”

பத்து வருடமாக அந்தப் புத்தகத்தில் இருக்கிறோம் என்று நிருஷா சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. விமலநாதன் சட்டைப் பையில் கையை விட்டுத் தீர்ந்துபோன அட்டையை எடுத்து, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

“அந்தப் பிள்ளையளுக்கு எத்தினை வயசாம்?”

“சொல்லேல்ல அப்பா.”

“கேக்காமல் விட்டிட்டன்,” என்றார். “நாளைக்கு வேற காட் ஒண்டு வாங்குவம்.”